பூஜை போட்ட மெஷின்

1

மஸ்கட்டில் காலை மணி ஏழு இருபது. ஓசூரில் எட்டு ஐம்பது. மகன் அங்கே போன நாளிலிருந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் கூட்டினேன். ஜெனரல் ஷிப்ட் தொடங்கியிருக்கும், பிரபு தன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே மகளின் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அப்போது போன் அடித்தது.

கூப்பிட்டது என் கொழுந்தன் மாதேஷ். பிரபு ஓசூரில் அவர் வீட்டில்தான் இருக்கிறான். மாதேஷும் சிப்காட்டில் வேலை செய்பவர். வேலை நேரத்தில், அதுவும் வெளிநாட்டுக்கு, சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை.

"அண்ணி, பதறாதீங்க. பிரபுவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கம்பெனியில மெஷின் லைனை நிறுத்திட்டானாம். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. பக்கத்துல இருந்த பொண்ணுக்குக் கையில அடி. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. இனிமே அனுப்ப வேண்டாங்கறாங்க."

கீழே பள்ளிப் பேருந்து ஹார்ன் அடித்தது. மகள் நித்யா ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். என்ன என்றாள். ஒன்றுமில்லை, அண்ணனுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்றேன். நான் பொய் சொல்லும்போது என் தமிழ் மிகத் தெளிவாக இருக்கும் என்று அவள் முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "அண்ணாவை ஃபயர் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படிக்கும்போது, ஒரு வேலை போனதற்கா இவ்வளவு என்று நினைக்கலாம். வேலை போவதும் கிடைப்பதும் ஓசூரில் பஸ் மாறுகிற மாதிரி நடக்கிற காரியம். ஆனால் அந்த வேலைக்காக நாங்கள் காத்திருந்தது பிரபு பிறந்ததிலிருந்து என்று சொன்னால் மிகையில்லை. அது போனால் அடுத்த பஸ் என்று ஒன்று எங்களுக்குத் தெரிந்து இல்லை.

2

பிரபு ஏன் ஓசூரிலும் நாங்கள் ஏன் மஸ்கட்டிலும் இருக்கிறோம் என்று கேட்காத உறவினர் கிடையாது. பெற்ற பிள்ளையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்ற சொல் எங்கள் காதுக்கு வராமல் இல்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

பிரபு மெதுவாகத்தான் பேசினான், மெதுவாகத்தான் எழுதினான். மனவளர்ச்சி குறைவு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆட்டிசம் சாயல் இருக்கிறது என்றார் இன்னொருவர். இந்தியப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் தாங்கவில்லை. அதன்பின் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் சேர்த்தோம். நல்ல மனிதர்கள். பல் தேய்க்க, சட்டைப் பொத்தான் போட, சாலையைக் கடக்க, எல்லாம் அங்கேதான் கற்றான். பதினாறு வயதுக்கு மேல் அவர்களுக்கும் என்ன கற்றுக்கொடுப்பதென்று தெரியவில்லை. மெழுகுவத்தி செய்யச் சொன்னார்கள். அங்கே படித்த எல்லாப் பிள்ளைகளும் மெழுகுவத்தி செய்தார்கள். அவற்றைப் பெற்றோர்களாகிய நாங்களே வாங்கினோம். கரண்ட் போகாத ஊரில், எங்கள் சமையலறை அலமாரி முழுக்க மெழுகுவத்தி.

பள்ளி இருக்கும் வரையில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவன் என்று. மாணவன் என்ற பாதி உதிர்ந்ததும் மிச்சப் பாதியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்து விசா. வளர்ந்த ஆண்பிள்ளையைத் தகப்பன் தன் குடும்ப விசாவில் வைத்துக்கொள்ள முடியாது. படிக்க வேண்டும், அல்லது தனக்கென ஒரு வேலை விசா வேண்டும். பிரபுவுக்கு இரண்டும் இல்லை. உடல், மனக் குறையுள்ளவர்களுக்கு விலக்கு கேட்கலாம் என்றார்கள். என் கணவர் அரபியில் மொழிபெயர்த்த காகிதங்களோடு அலைந்தார். பிரபுவைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அதிகாரி முன் உட்கார வைத்தோம். அவர் பெயர் கேட்டார், சொன்னான். வயது கேட்டார், சொன்னான். கை குலுக்கினான். நாங்கள் பத்து வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த மரியாதை எல்லாவற்றையும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒழுங்காகச் செய்து காட்டினான். இவ்வளவு நன்றாக இருப்பவனுக்கு விலக்கு எதற்கு என்றார் அந்த அதிகாரி, சிரித்துக்கொண்டே. அவர் சொன்னதில் குற்றமில்லை.

அதே பிள்ளைக்குக் கிருஷ்ணகிரியில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் போனபோது, குறையின் சதவீதம் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் குறை போதவில்லை, இந்தப் பக்கம் குறை மிக அதிகம்.

பெரும்பாலும் கணவரின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. நித்யாவுக்குப் பிளஸ் டூ முடியும் வரை நானும் இருந்தாக வேண்டும். சொந்த ஊரான நாகரசம்பட்டியில் என் மாமனார் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே மாந்தோப்பைத் தவிர அவனுக்குத் துணையில்லை. மாதேஷ்தான், "ஓசூருக்கு அனுப்புங்க அண்ணி, நாலு கம்பெனி இருக்கு, ஏதாவது ஒண்ணுல உட்கார வெச்சிடலாம்" என்றார். மாதேஷின் மனைவி ராதா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதற்காகவே அவளை நான் தனியாகக் கும்பிட வேண்டும்.

3

உட்கார வைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கடைசியில் மாதேஷுக்குத் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் மூலம் இடம் கிடைத்தது. ஓசூர் பக்கத்துப் பேரிகை என்ற ஊர்க்காரர், நாகராஜ் என்று பெயர். வாகனக் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்ன ஆலை அது. லைனில் கடைசிக்கு முந்தைய பெஞ்ச் பிரபுவுக்கு. எதிரே ஓர் இரும்பு அளவுக்கட்டை இருக்கும். ஒவ்வொரு பீஸையும் அதன் ஓட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும். போனால் பச்சைக் கூடை, போகாவிட்டால் சிவப்புக் கூடை. அவ்வளவுதான். அவ்வளவேதான் என்பதால் மற்றவர்கள் அந்த பெஞ்சில் ஒரு வாரம் தாங்குவதில்லை, சலித்துப்போய் நாலில் ஒன்றைப் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள் என்று நாகராஜ் சொன்னாராம். பிரபுவுக்குச் சலிக்கவில்லை.

சேர்த்துக்கொண்ட அன்று நாகராஜ் அவனுக்கு இரண்டு பாடம் நடத்தினார். போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. ஏதாவது தப்பாக நடந்தால், எதிரே இருக்கும் பெரிய சிவப்பு பட்டனை அழுத்து, லைன் நின்றுவிடும். பயிற்சிக் காலம் முடிந்தால் நிரந்தரம் செய்யப் பார்க்கலாம் என்றார்கள்.

வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். எங்கள் வாரம் சனிக்கிழமை தொடங்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை. அதனால் அவன் ஓய்வாக இருக்கும்போது நான் ஆபீசில் இருப்பேன். மஸ்கட்டின் ரூவி பகுதியில் உள்ள ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். மதியம் கடை மூடியிருக்கும் நேரத்தில் போன் கார்டு போட்டுக் கூப்பிடுவேன். என்னடா செய்கிறாய் என்றால், "ஜெனரல் ஷிப்ட்" என்பான். சாப்பிட்டாயா என்றாலும் அதே பதில்தான் வரும். அந்த இரண்டு சொல்லை அவன் சொன்ன விதத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளி நாடகத்தில் கூட்டத்தோடு நின்ற பிள்ளை, ராஜா வேஷம் கிடைத்ததைச் சொல்கிற மாதிரி.

நித்யா தன் தோழிகளிடம், அண்ணன் ஹோசூரில் இன்ஜினியரிங் கம்பெனியில் இருக்கிறான் என்பாள். பொய் இல்லை. அதற்கு மேல் அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றுவாள். அதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆயுத பூஜைக்கு ஆலையைக் கழுவி, மாவிலை கட்டி, பொரி, கடலை, இனிப்பு எல்லாம் கொடுத்தார்கள். பொரிப் பொட்டலத்தைத் தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான் என்று ராதா சொன்னாள். லீவு முடிந்து ஆலை திறந்த திங்கட்கிழமைதான் அந்த போன் வந்தது.

4

எனக்கு அவசர விடுப்பு வேண்டும். என் பாஸ்போர்ட் நான் வேலை செய்யும் கம்பெனியின் கைவசம் இருந்தது. அதை வாங்க ஒரு படிவம். அதில் காரணம் என்ற இடத்தில் மரணம், திருமணம், நோய் என்று கட்டம் போட்டிருந்தது. மகனுக்கு வேலை போய்விட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. மலையாளியான எங்கள் மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நோய் என்பதில் டிக் அடித்துக்கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

பெங்களூரில் இறங்கி ஓசூர் போய்ச் சேர்ந்தபோது, வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலிப்பாக இருக்கும் என்றார் மாதேஷ். பெங்களூரில் ஒரு பெரிய மனநல டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் காற்றுக் கருப்பு என்றார். கம்பெனியில் 'திடீரென்று வயலண்ட் ஆகிவிட்டான்' என்று எழுதி வைத்திருந்தார்கள். லைனை நிறுத்தினான், நாகராஜ் மறுபடி ஓட விட்டார், மறுபடி நிறுத்தினான். பக்கத்து பெஞ்சில் வேலை செய்த பெண்ணின் கையைப் பிடித்து மெஷினிலிருந்து இழுத்தான். அவள் முழங்கை இரும்பில் உரசிக் கிழிந்தது. நாலு பேர் சேர்ந்து பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

பிரபு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்து, "அம்மா, ஜெனரல் ஷிப்ட்" என்றான். அதற்கு மேல் என்ன கேட்டாலும் "தப்பு" என்ற ஒரே சொல். யார் செய்தது தப்பு, அவனா மற்றவர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் காலை, பால் வாங்கிவர வெளியே வந்தவள் அவன் சைக்கிளைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தது. ஹேண்டில்பாரில் காய்ந்த சாமந்தி மாலை. சீட்டிலும் சக்கரத்திலும் சந்தனம், குங்குமம். எடுக்கவே இல்லையா என்று ராதாவிடம் கேட்டேன்.

"பூஜை போட்டதுல இருந்து நடந்துதான் போறான்க்கா. காத்து இறங்கியிருக்கும்னு நெனச்சேன். ரெண்டு டயரும் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை கூட மழையில நனைஞ்சுக்கிட்டே கம்பெனிக்கு நடந்து போனான். என்னடான்னா பேச மாட்டேங்கறான்."

மஸ்கட்டில் சரஸ்வதி பூஜைக்கு அலமாரியின் மேல்தட்டில் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைப்பேன். அதைத் தொடக்கூடாது, சாமி அதில் இருக்கிறது என்பேன். மறுநாள் காலை ஈரத்துணியால் நானே பொட்டைத் துடைத்து, சாமி போயாச்சு, எடுத்துக்கோ என்று ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுப்பேன். அது எங்கள் வீட்டு வழக்கம். எந்த சாஸ்திரத்திலும் இல்லை. நான் அப்படிச் செய்யாவிட்டால் அவன் தன் வண்ணப் பென்சிலைக்கூடத் தொடமாட்டான் என்பதால் தானாக உண்டானது.

உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிரபு, சாமி இன்னும் சைக்கிள்ல இருக்கா?"

"இருக்கு."

"கம்பெனியில?"

"இருக்கு. நாகராஜ் சார் சொன்னாரு. பூஜை போட்ட மெஷின். யாரும் கை வைக்கக் கூடாது." மூச்சு வாங்கினான். "எல்லாரும் கை வெச்சாங்க. முனிரத்னா அக்கா கை வெச்சாங்க. தப்பு. தப்புன்னா ரெட் பட்டன்."

இரண்டு பாடம் நடத்தியிருந்தார்கள். இரண்டையும் அவன் மறக்கவில்லை.

மாதேஷ் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் போன் செய்து, வரவில்லை என்று அவரே சொன்னார். நான் மாலையைக் கழற்றி, ஒரு துணியை நனைத்துச் சைக்கிளைத் துடைத்து, சாமி போயாச்சு என்றேன். பிரபு சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, பொட்டு எங்கும் இல்லை என்று பார்த்தபின் ஏறித் தெருமுனை வரை போய் வந்தான்.

5

ஆலை மேனேஜர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன்மையாகப் பேசினார். நாகராஜையும் கூப்பிட்டு வைத்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல நாகராஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான்தான் மேடம் சொன்னேன். பொரியைத் தின்னுக்கினே எல்லாரும் மெஷின் மேல சாஞ்சாங்க. பூஜை போட்டாச்சு, கை வைக்காதீங்கடான்னு கத்தினேன். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். மத்தவங்க அப்பவே மறந்துட்டாங்க."

திங்கட்கிழமை வாசலில் தேங்காய் உடைத்து ஆலையைத் திறந்ததோடு சரி. பூஜை முடிந்தது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. நிறுத்து என்று சொல்ல அந்த ஆலையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆள் உண்டு, முடிந்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மேனேஜர் நான் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. அதன்பின் கேட்டார்:

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம். ஆனா இது ஒரு விதி. இதே மாதிரி அவன் மனசுல இன்னும் என்னென்ன விதி இருக்கோ, அது என்னைக்கு வெளிய வருமோ, எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியை அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஊரிலும் வெளிநாட்டிலும் எத்தனையோ பேர் எங்களிடம் அனுதாபம் காட்டியிருக்கிறார்கள். இப்படி நேராகக் கேட்டது அவர் ஒருவர்தான். பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் தெரியாது என்றேன். இருபத்து நாலு வருடம் வளர்த்தவளுக்கே ஒரு சைக்கிளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல முடியும், ஒரு விதி தொடங்கியது என்று சொல்கிற ஆளே அது எப்போது முடிகிறது என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டால் போதும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்ய லைனில் ஓர் ஆள் வேண்டும்.

மேனேஜர் நாகராஜைப் பார்த்தார். நாகராஜ், தான் மூன்று லைனைப் பார்ப்பதாகவும் எந்நேரமும் கூட இருக்க முடியாது என்றும் சொன்னார். அது உண்மை. கடைசியில் மேனேஜர் ஒரு முடிவு சொன்னார். லைனில் உள்ளவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். அவர்களை மீறி அவனைக் கொண்டுவந்து உட்கார வைக்க மாட்டார். பக்கத்தில் வேலை செய்கிற ஒருவராவது வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் எடுத்துக்கொள்வார். சனிக்கிழமைக்குள் யாரும் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியதுதான்.

நானே லைனில் போய் அவர்களிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நீங்க அழுதா சரின்னுடுவாங்க மேடம். அப்புறம் நீங்க பிளைட் ஏறிடுவீங்க."

நான் அழுகிறவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் நினைத்தது சரி.

6

காத்திருக்கிற நாட்களில் சும்மா இருக்க முடியவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். அங்கே கணவர் தோசை வார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். நித்யா தினமும் போன் செய்து, அண்ணாவை இங்கேயே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். விசா விஷயத்தை நாலாவது தடவையாக விளக்கினேன். "அப்போ அவன் எங்கதான் இருக்கணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு அண்ணன்மேல் அக்கறை இல்லை என்று நான் நினைத்திருந்தது தவறு என்று தெரிந்தது, அந்த வருத்தத்திலும் அது ஒரு ஆறுதல்.

ஒவ்வொரு நாளும் பிரபுவைக் கூட்டிக்கொண்டு சிப்காட்டில் கேட் கேட்டாக ஏறி இறங்கினேன். எட்டாவது பாஸா, ஐடிஐ உண்டா என்று கேட்டார்கள் செக்யூரிட்டிகள். அடையாள அட்டையைக் காட்டினால், கால் ஊனம் என்றால் பார்க்கலாம், காது கேட்காதவர் என்றாலும் பார்க்கலாம், இது சரிவராது என்றார்கள். ஒருவர் மிகுந்த மரியாதையோடு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். குறையிலும் வேலைக்கு ஆகிற குறை, ஆகாத குறை என்று இருக்கிறது என்பதை அந்தத் தெருக்களில்தான் கற்றேன். என் பிள்ளை வரிசையின் கடைசியில் நிற்கிறான்.

ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டர் பிரபுவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பையன் பாக்க ஜம்முனுதானே இருக்கான். அட்டையைக் காட்டாதீங்கம்மா. வாயைத் திறக்காம இருடான்னு சொல்லிட்டா நான் திங்கக்கிழமையே லோடிங்ல போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அன்றிரவு முழுக்க அது மனதில் ஓடியது. ஆசையாகத்தான் இருந்தது. மாதேஷ்கூட, "யோசிச்சுப் பாருங்க அண்ணி" என்றார். ஆனால் யாருக்கும் தெரியாமல் உள்ளே போனால், அடுத்த விதி வெளியே வரும்போது அவனுக்காகப் பேச அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். இந்த முறையாவது ஓர் அளவுக்கட்டை, ஒரு சிவப்பு பட்டன். அங்கே லாரியும் ஃபோர்க்லிஃப்டும். காலையில் கான்ட்ராக்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். கிடைக்கிறதை விடுகிறீர்களே என்றார். தெரிந்துதான் விடுகிறேன் என்றேன்.

இன்னொரு முடிவும் எடுத்தேன். சனிக்கிழமை யாரும் வராவிட்டால், நான் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு நித்யாவைத் தகப்பனோடு விட்டு இங்கேயே இருப்பது. இவனைக் கூட்டிக்கொண்டு சூளகிரி, குந்தாரப்பள்ளி வரைக்கும் நெடுஞ்சாலையில் உள்ள ஒவ்வொரு கேட்டையும் தட்டுவது. மெழுகுவத்தி மட்டும் இனிச் செய்யவிடுவதில்லை.

7

வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை மதியம் நாகராஜுக்கு மாதேஷ் போன் செய்தார். லைனில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றாராம். ராதா எனக்குக் காபி வைத்துக் கொடுத்தாள். நான் மஸ்கட்டுக்கு எழுத வேண்டிய ராஜினாமா வாசகங்களை மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். பிரபு சைக்கிளில் தெருமுனைக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தான்.

ஷிப்ட் விட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். வாசலில் அவன் சைக்கிள் சட்டென்று நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தோளில் டிபன் பை, நீலக் கம்பெனி கோட்டை மடித்து அதற்குள் திணித்தபடி ஒரு பெண் கேட்டருகில் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கையில் பிளாஸ்திரி. பிரபு சைக்கிளோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நான் முனிரத்னா," என்றாள் என்னைப் பார்த்து. "பக்கத்து பெஞ்ச்."

உள்ளே வரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, பேரிகை வரை போக வேண்டும் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். ராதா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். ஊர்த் தெலுங்கு வாடையோடு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். முழங்கை கிழிந்த அன்று தனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது, இவன் வரவே கூடாதென்று தானும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னதாக ஒளிக்காமல் சொன்னாள். அதன்பின் நாகராஜ் காரணத்தைச் சொன்னாராம்.

"அப்பவும் நான் பேசலக்கா. வம்பு எதுக்குன்னு இருந்தேன். ஆனா இந்த வாரம் பூரா அந்த பெஞ்ச்ல வேற ஒருத்தனை உட்கார வெச்சாங்க. செல்போனைப் பாத்துக்கினே தள்றான். தப்புப் பீஸெல்லாம் எங்கிட்ட வந்து மாட்டுது. திட்டு எனக்கு. இன்னைக்கு சாயங்காலம் மேனேஜர் ரூமுக்குப் போயி, அந்தப் பையனையே கூப்பிடுங்க சார், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

மேனேஜர் என்ன சொன்னார் என்று மாதேஷ் கேட்டார்.

"சரின்னாரு. எது ஆரம்பிச்சாலும் முடிஞ்சாலும் நான் சொல்லணுமாம். சொல்லுவேன். எங்க வீட்ல மாடு, மாமியார், ரெண்டு புள்ளைங்க, எல்லாத்துக்கும் நான்தான் சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் இப்பவே பேசிக்கலாம்க்கா. இன்னொரு தடவை என் கையைப் பிடிச்சு இழுத்தான்னா, என் தம்பியை அறையற மாதிரி அறைஞ்சிடுவேன். நீங்க போன் போட்டுக் கேக்கக் கூடாது."

கேட்க மாட்டேன் என்றேன்.

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட்டைத் தாண்டும்போது சுவரோரம் நின்ற பிரபுவின் முன்னால் நின்றாள். அவன் அவள் முழங்கைப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு," என்றாள். "உன் பெஞ்ச்ல ரெண்டு கூடை பாக்காமக் கெடக்கு. நான் தொட மாட்டேன். அது உன் வேலை."